பூனை தானா வருமா?

வீட்டு ஆடு ஒன்று பொழுது சாய்ந்தும் தொழுவுக்குத் திரும்பவில்லை என்றால் கோவில்பட்டி பக்கத்துக் கிராமங்களில் என்ன நடக்கும்? பெரியவர் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பின்னாலேயே இரண்டு இளவட்டங்கள் டார்ச்சோடு போவார்கள். ஓடை, கண்மாய்க்கரை, வேலிக்கருவைக் காடு என்று ஒரு இடம் பாக்கி இருக்காது. நாய் காணவில்லை என்றால்கூட யாராவது பைக்கை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றிப் பார்ப்பார்கள்.

பூனை காணவில்லை என்றால்?

"அது எங்க போகப்போகுது, தானா வந்துரும்."

அவ்வளவுதான். முதல் நாள் இந்த வசனம். இரண்டாம் நாளும் இதேதான். நாலாம் நாள் வசனம் மாறும். "ஏதாவது வண்டியில அடிபட்டிருக்கும், இல்ல நாய் கடிச்சிருக்கும். விடு, வேற குட்டி ஒண்ணு வாங்கிக்கலாம்." இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் தேடல் என்று ஒன்று இருக்க வேண்டுமே... அது நடப்பதே இல்லை. கவனித்திருக்கிறீர்களா?

காமர்ஸ் படிக்கும் மக்களுக்கு இது சட்டென்று புரியும். கணக்குப் பதிவியலில் ஐயக்கடன் வேறு, வாராக்கடன் வேறு. ஐயக்கடன் என்பது வருமா வராதா என்று சந்தேகத்தில் நிற்கும் பணம். வாராக்கடன் என்பது இனி வரவே வராது என்று முடிவு கட்டிப் போக்கெழுதியது. இடையில் ஒரு வேலை இருக்கிறது. ஆளை அனுப்ப வேண்டும், கடிதம் போட வேண்டும், நேரில் போய்க் கேட்க வேண்டும். இதில் எதையும் செய்யாமல் நேராகப் போக்கெழுதினால் எந்த முதலாளியும் சும்மா இருக்க மாட்டார். பூனை விஷயத்தில் மட்டும் அந்த நடு வேலையை விட்டுவிட்டுப் போக்கெழுதிவிடுகிறோம். பூனைக்கு உயிர் போவது பெரும்பாலும் அந்த நடுவில்தான்.

சரி, "தானா வந்துரும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

நாய் ஆளுக்குப் பழகும், பூனை வீட்டுக்குப் பழகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குச் சாட்சியாக எல்லா ஊரிலும் ஒரு சாக்குப்பைக் கதை இருக்கும். பூனையைச் சாக்கில் கட்டி ரெண்டு ஊர் தள்ளி விட்டுவிட்டு வந்தார்கள், ஆள் வீடு வந்து சேருவதற்கு முன்னால் பூனை அடுப்படியில் உட்கார்ந்திருந்தது என்ற கதைதான். கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்றாலும் முழுப் பொய் இல்லை. 2012 நவம்பரில் அமெரிக்காவின் டேடோனா பீச்சில் காணாமல் போன ஹாலி என்ற பூனை, இரண்டு மாதம் கழித்துச் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தன் ஊரான வெஸ்ட் பாம் பீச்சில் வந்து நின்றது. உடம்பு மெலிந்து, பாதமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. உடலில் பதித்திருந்த மைக்ரோசிப்பை வைத்து அதே பூனைதான் என்று உறுதி செய்தார்கள். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

ஆனா ஒன்றை யோசித்துப் பாருங்கள். அது செய்தியானதே அபூர்வம் என்பதால்தான். லாட்டரி விழுந்தவன் போட்டோ பேப்பரில் வரும், விழாதவன் போட்டோ வராது. ஹாலி கதையைக் கேட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பது லாட்டரிச் சீட்டை நம்பிக் கடன் வாங்குவது மாதிரிதான்.

இந்த விஷயத்தை உட்கார்ந்து கணக்கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்த குழு ஒன்று காணாமல் போன 1,210 பூனைகளின் விவரத்தை உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்தது. ஒரு வருடத்துக்குள் உயிரோடு கிடைத்தவை 61 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் 7 நாளிலேயே கிடைத்துவிட்டன. 90 நாள் தாண்டிக் கிடைத்தவை மிகச் சில. கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. இன்னொரு முக்கியமான விஷயம், உரிமையாளர் தானே இறங்கி நேரில் தேடிய வீடுகளில் பூனை உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

500 மீட்டர் என்றால் எவ்வளவு? தெருமுனை டீக்கடையைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம். நடந்தால் ஏழெட்டு நிமிஷம். அந்த ஏழெட்டு நிமிஷம் நடக்காமல்தான் "தானா வந்துரும்" என்று டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"பக்கத்துலதான் இருக்குன்னா கூப்பிட்டா வராதா? கத்தாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், வராது, கத்தாது.

பூனையை நாம் வேட்டைக்காரனாகத்தான் பார்க்கிறோம். ஆனால் அது நாய்க்கும் பெரிய பறவைக்கும் இரையும்கூட. பயந்துபோன, அடிபட்ட பூனைக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, இருட்டான இடுக்கில் நுழைந்து சத்தமே இல்லாமல் கிடப்பது. கத்தினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் அல்லவா? தன்னை வளர்த்தவர் குரல் கேட்டாலும் பல பூனைகள் வாய் திறக்காது. அமெரிக்கப் போலீஸில் மோப்ப நாய்களோடு வேலை பார்த்துவிட்டு, பிறகு காணாமல் போகும் செல்லப் பிராணிகளைத் தேடுவதையே தொழிலாக எடுத்துக்கொண்ட கேட் ஆல்பிரெக்ட் என்ற பெண்மணி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பழக்கமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட பூனை, பத்துப் பன்னிரண்டு நாள்கூட ஒரே இடுக்கில் அசையாமல் கிடந்துவிட்டுப் பிறகுதான் வெளியே தலைகாட்டும் என்பது அவர் அனுபவம். நீங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகிறீர்கள். அது பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறது!

இனி நம்ம கரிசல் பக்கத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் புத்தகத்தில் கார் ஷெட்டைப் பார், தோட்டத்துப் புதரைப் பார் என்று எழுதியிருப்பார்கள். நம்ம ஊர் இடுக்குகள் வேறு.

முதலில் படப்பு. வைக்கோல் படப்பும் சோளத்தட்டைப் படப்பும் பூனைக்கு லாட்ஜ் மாதிரி. எலியும் உண்டு, கதகதப்பும் உண்டு. படப்பைப் பிரித்து அடுக்கும்போது உள்ளே பூனை கிடந்தது யாருக்கும் தெரியாது.

அடுத்தது தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய் போடும் கொட்டகை, உரக்கடை குடோன், பருத்தி மூட்டை கிடக்கும் ஷெட். ஆள் உள்ளே போகும்போது கூடவே நுழைந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் பூட்டினால் திங்கள்கிழமை காலைதான் திறப்பார்கள். மூட்டை அடுக்கி மாசக்கணக்கில் திறக்காத குடோனும் உண்டு. பூட்டின கதவுக்குப் பின்னால் இருக்கும் பூனை எப்படித் தானா வரும்?

கிணறு இன்னும் மோசம். கரிசல் புஞ்சையில் கைவிட்ட கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்காது. சுற்றிலும் வேலிக்கருவை மூடியிருக்கும். இருட்டில் ஓணானையோ எலியையோ துரத்திப் போகிற பூனைக்கு அங்கே கிணறு இருப்பது தெரியாது. தண்ணீர் இல்லாத கிணறாக இருந்தால் விழுந்தும் உயிரோடு கிடக்கும். ஆனால் ஏற முடியாது.

கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். எலி அந்த வெடிப்புக்குள் குடித்தனம் நடத்தும். எலி இருக்கும் இடத்தில் பூனையும் இருக்கும். புரட்டாசியில் விதைத்து மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் அதற்குள் போன பூனையை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. அங்கேதான் எலி மருந்தும் இருக்கிறது. எலிக்கு வைக்கும் மருந்துகளில் ரத்தத்தை உறைய விடாமல் செய்யும் வகை ஒன்று உண்டு. அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அந்த எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் அதே மருந்து உள்ளே போகும். சீக்கிரம் கண்டுபிடித்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. "நாலு நாள் பாப்போம்" என்று இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வெடிச் சத்தமும் இருக்கிறது. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் நம்ம ஊர்களில் வெடிக்குப் பஞ்சமே இல்லை. தீபாவளி, திருவிழா, கல்யாணம், தலைவர் வருகை, துட்டி வீடு... எல்லாத்துக்கும் வேட்டுதான். மனிதனுக்குக் கேட்காத உச்ச ஒலி எல்லாம் கேட்கும் காது பூனைக்கு. ஒரு பத்தாயிரம் வாலா அதை எந்த இடுக்குக்குள் தள்ளும் என்று சொல்ல முடியாது.

நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பது ஏன் ஆபத்து என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாய் சில நாள் பட்டினி தாங்கும். பூனையின் உடம்பு அப்படி அல்ல. சில நாள் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலே செயலிழக்கும் நிலை வரும். கொழுகொழு என்று வளர்த்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். அதாவது நாம் பொறுமையாகக் காத்திருக்கும் அதே நாலைந்து நாள்தான் பூட்டின குடோனுக்குள் மாட்டிய பூனைக்குக் கடைசி வாய்ப்பு.

அப்படியானால் எப்படித் தேடுவது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

காணவில்லை என்று தெரிந்த அன்றே கிளம்ப வேண்டும். முதலில் சொந்த வீடு. பீரோவுக்குப் பின்னால், பரண், குலுக்கை, துணி மூட்டை என்று எல்லாம் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பக்கத்து வீடு, எதிர்வீடு, பின்வீடு. வாசலில் நின்று "மைனி, எங்க பூனையப் பாத்தீகளா?" என்று கேட்டால் "பாக்கலையே" என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்க்கவில்லை, அவ்வளவுதான். "ஒரு நிமிஷம் அந்த விறகுக் கொட்டகையத் திறந்து பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்க வேண்டும். கேள்வியில் இருக்கும் இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒரு பூனை பிழைக்கும். பூட்டிக் கிடக்கும் கடை, ஆபீஸ் என்றால் சாவி யாரிடம் என்று விசாரித்து, சும்மா ஒரு தடவை திறக்கச் சொல்ல வேண்டும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பகலில் ஒரு சுற்று, ராத்திரி ஊர் அடங்கியபின் ஒரு சுற்று. ராத்திரிதான் முக்கியம். டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து இடுக்குகளில் அடித்தால் பூனைக் கண் பளிச்சென்று மின்னும். பத்துப் பேர் கூட்டமாகப் போய்க் கத்தக் கூடாது. அதற்குப் பழகிய ஒருவர், வழக்கமாகச் சோறு வைக்கும் தட்டில் தட்டிக்கொண்டு, மெதுவாகப் பேசிக்கொண்டு போக வேண்டும். அங்கங்கே நின்று ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். கிணற்றுக்குள் கிடப்பது தெரிந்தால் நீங்களே இறங்காதீர்கள். 101-க்குப் போன் போடுங்கள். ஆடு, மாடு விழுந்தால் தூக்கித் தரும் தீயணைப்புத் துறையினர்தான் இதற்கும் சரியான ஆள்.

போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்து டீக்கடை, பால் டிப்போ, பஸ் ஸ்டாப் என்று ஒட்டலாம். தெரு வாட்ஸப் குழுவிலும் போடலாம். பூனைக்கு இருக்கும் ஓர் அடையாளத்தை மட்டும் (வால் நுனி, பாதத்து மச்சம் என்று ஏதாவது) சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "பூனை என்கிட்டதான் இருக்கு, முதல்ல பணம் அனுப்புங்க" என்று போன் செய்பவரிடம் அந்த அடையாளத்தைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, நோட்டீஸ் ஒட்டிவிட்டோம் என்று நடப்பதை நிறுத்திவிடக் கூடாது.

இப்போது பெரிய ஆட்சேபம் ஒன்று வரும். "மனுஷனுக்கே வழியில்லாத ஊர்ல பூனைக்கு நோட்டீஸா? மழை இல்ல, பயிர் கருகுது, உனக்குப் பூனை ஒரு கேடா?"

மனிதனுக்கே வழியில்லாமல் போன ஒரு குடும்பத்தின் கதை இதற்குப் பதில். 2015 இறுதியில் ஈராக்கின் மோசுல் நகரிலிருந்து ஒரு தாயும் பிள்ளைகளும் உயிர் தப்பி ஓடினார்கள். வீடு, சொத்து எல்லாம் போயிற்று. கூடவே கொண்டு வந்தது குன்குஷ் என்ற வெள்ளைப் பூனையை. கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் படகு கரை சேர்ந்த பரபரப்பில் பூனை கூடையிலிருந்து தப்பி ஓடிவிட்டது. குடும்பம் தேடியது, கிடைக்கவில்லை. அழுதுகொண்டே மேலே பயணம் போனார்கள். அகதிகளுக்கு உதவி செய்துகொண்டிருந்த தொண்டர்கள் பிறகு அந்தப் பூனையைக் கண்டுபிடித்து, இணையத்தில் படம் போட்டுக் குடும்பத்தைத் தேடினார்கள். 2016 பிப்ரவரியில் நார்வேயில் குன்குஷ் அந்தத் தாயின் மடியில் போய்ச் சேர்ந்தது. அந்தத் தொண்டர்கள் பூனையைத் தேடியதால் எந்த அகதிக்கும் போர்வை குறையவில்லை. எல்லாம் இழந்த குடும்பத்துக்குத் திரும்பக் கொடுக்க முடிந்த ஒரே பொருள் அந்தப் பூனைதான். இரக்கம் அளந்து வைத்த அரிசி இல்லை, ஒருவருக்குப் போட்டால் இன்னொருவருக்குக் குறைந்துபோக.

ஒன்றை மறைக்கக் கூடாது. மேலே சொன்ன 61 சதவீதத்துக்கு மறுபக்கம் 39 இருக்கிறது. எவ்வளவு தேடினாலும் கிடைக்காத பூனைகள் உண்டு. அந்த வீடுகள் என்ன செய்யும்?

செத்துப்போன பூனையை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு அழுதுவிடலாம். காணாமல் போன பூனைக்கு அழவும் முடியாது, அழாமலும் இருக்க முடியாது. அழுதால் "அது வரும், ஏன் அபசகுனமா அழுற" என்பார்கள். அழாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும். அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸ், 1970-களில் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவியரிடம் பேசிப் பேசி இந்த நிலையை ஆராய்ந்தார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு, முடிவு தெரிந்த இழப்பைவிடத் தாங்குவதற்குக் கடினம் என்றார். மனிதரைத் தொலைத்தவரின் துயரமும் பூனையைத் தொலைத்தவரின் துயரமும் ஒரே எடை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாட்டிக்கொள்ளும் முடிச்சு ஒரே மாதிரிதான். ராத்திரி வாசல் கதவில் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கச் சொல்லும் முடிச்சு அது.

இங்கேதான் தேடலுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. தெருத்தெருவாக நடந்து தேடியவருக்குப் பூனை கிடைக்காமல் போகலாம், ஆனால் "தேடாம விட்டுட்டோமே" என்ற உறுத்தல் இருக்காது. துக்கம் நாளாக ஆறும், அந்த உறுத்தல் ஆறாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் "பூனை ஊருக்குப் போயிருக்கு" என்று கதை விடாமல் டார்ச்சைக் கையில் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அடுத்த வாரமே "வேற குட்டி" கொண்டு வந்து இறக்காதீர்கள். பூனை செத்தால் அந்த வீட்டு எகிப்தியர்கள் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நாம் புருவமெல்லாம் எடுக்க வேண்டாம். அழுபவரைப் பார்த்து "பூனைக்குப் போயா?" என்று சிரிக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக, விலை. பூனையை நம்ம ஊரில் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பக்கத்து வீட்டில் ஈன்ற குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். காசு கொடுக்காததால் தொலைந்தாலும் நஷ்டக் கணக்கில் வருவதில்லை. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டமும் இதே கணக்கைத்தான் போட்டது. ஒரு பிராணியைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ, அது 10 ரூபாயாவது பெறுமா, 50 ரூபாயாவது பெறுமா என்று பார்த்துத்தான் தண்டனை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் அந்த ரூபாய்க் கணக்கு எடுக்கப்பட்டுவிட்டது. எந்தப் பிராணியானாலும் ஐந்து வருடம் வரை சிறை. (சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுபவர்கள் கவனத்துக்கு: பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவதும் 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான் என்பது வேறு சோகம்.) சட்டமே ரூபாய்க் கணக்கை விட்டபிறகு வீட்டில் இருக்கும் நாம் விடக் கூடாதா?

அதனால் இன்று ராத்திரி உங்கள் தெருவில் யாராவது டார்ச்சோடு குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனால் கேலி செய்யாதீர்கள். உங்கள் வீட்டு விறகுக் கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

பி.கு.: தொலைந்தபின் தேடுவதைவிடத் தொலையாமல் பார்ப்பது லேசு. கடுவன் பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டால் துணை தேடி ஊர் சுற்றுவது பெருமளவு குறையும். கழுத்தில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டலாம், எங்காவது மாட்டினால் தானே கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம். நம்ம பக்கம் அதெல்லாம் வரும்போது வரட்டும். இன்றைக்கே உங்கள் பூனையை ஒரு நல்ல போட்டோ எடுத்து வையுங்கள், முகமும் வாலும் தெரிகிற மாதிரி.